ஊற்றைக் காட்டியவரும் நோயாளிதான் – புனித பெர்னதெத்



லூர்து அன்னையின் கெபி இல்லாத பங்கை நம் மறைமாவட்டங்களில் காண்பது அரிது. கற்களை அடுக்கிக் கட்டிய சிறு குகை, மேலே ஒரு மாடத்தில் வெண்ணிற ஆடையும் நீல இடைக்கச்சையும் அணிந்த அன்னை, கீழே முழந்தாளிட்டு அண்ணாந்து பார்க்கும் ஒரு சிறுமி. இந்தக் காட்சி நமக்குச் சிறுவயது முதலே பழக்கமானது. நாம் மெழுகுதிரி ஏற்றுவதும், கைக்குட்டையால் தொட்டு முத்துவதும் அன்னையின் சுரூபத்தைத்தான். கீழே இருக்கும் அந்தச் சிறுமியை நாம் அதிகம் கவனிப்பதில்லை. அவருக்குப் பின்னர் என்ன நேர்ந்தது என்று கேட்டால் நம்மில் பலருக்குத் தெரியாது.

அவருக்கு நேர்ந்ததை அறிந்துகொள்வது நோயுற்றோருக்கும், நோயுற்றோரைக் கவனிப்போருக்கும் பெரிதும் பயன்படும். ஏனென்றால் நோயாளிகளைச் சந்திக்கச் செல்லும்போதெல்லாம் நாம் ஒரு கேள்வியைக் கேட்கிறோம். எத்தனையோ பேர் குணமாகிறார்கள், நான் மட்டும் ஏன் குணமாகவில்லை? என் செபத்தில் குறையா? என் விசுவாசத்தில் குறையா? கடவுள் என்னை மறந்துவிட்டாரா? இந்தக் கேள்விக்கு ஏட்டுப் படிப்பிலிருந்து பதில் சொல்வது எளிது. படுக்கையில் கிடப்பவருக்கு அந்தப் பதில் ஆறுதல் தருவதில்லை. உலகமே நலம் தேடி ஓடும் ஊற்றைத் தன் கைகளால் தோண்டிக் காட்டிய பெண், தானே வாழ்நாள் முழுவதும் நோயாளியாக இருந்து 35 வயதில் இறந்தார் என்பதை நினைத்துப் பார்த்தால், இந்தக் கேள்வியை நாம் வேறு விதமாகக் காண முடியும்.

ஆலைக்காரரின் மகள்

பிரான்ஸ் நாட்டின் தென்மேற்கே, பிரனீஸ் மலைகளின் அடிவாரத்தில் இருக்கிறது லூர்து நகர். 1844ஆம் ஆண்டு சனவரி 7ஆம் நாள் அங்கே போலி என்ற மாவு ஆலையில் பெர்னதெத் பிறந்தார். தந்தை பிரான்சுவா சூபிரு தண்ணீர் விசையால் ஓடும் அந்த ஆலையில் கோதுமை அரைத்துக் கொடுப்பவர். தாய் லூயிஸ். பெற்றோர் ஒருவரையொருவர் மனமார நேசித்த, இறைப்பற்றுள்ள குடும்பம் அது. பிறந்த 9 பிள்ளைகளில் பெர்னதெத்தான் மூத்தவர். அவர்களில் பலர் சிறுவயதிலேயே இறந்துபோயினர்.

குடும்பத்தின் மீது துன்பங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தன. ஆலைக்கல்லிலிருந்து தெறித்த சில்லு பட்டுத் தந்தை ஒரு கண்ணை இழந்தார். தொழில் நொடித்தது. 1854இல் ஆலையை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. 1855இல் ஊரில் காலரா பரவியது. பெர்னதெத் உயிர் பிழைத்தார். ஆனால் ஏற்கெனவே மெலிந்திருந்த அந்த உடல் பின்னர் தேறவே இல்லை. ஆஸ்துமா அவரைப் பற்றிக்கொண்டது. மூச்சுக்காகத் திணறுவது என்றால் என்ன என்பதைப் பத்து பன்னிரண்டு வயதிலேயே அவர் அறிந்திருந்தார்.

1857ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவர்களுக்கு வாடகை கொடுக்கவும் வழியில்லை. உறவினர் ஒருவர் இரக்கப்பட்டு ஓர் அறையைக் கொடுத்தார். அது முன்பு நகரின் சிறைச்சாலையாக இருந்த இடம். கைதிகளுக்கே ஏற்றதல்ல என்று கைவிடப்பட்ட அறை. ஏறக்குறைய நான்கு மீட்டர் நீளமும் அகலமும் கொண்ட அந்த ஒரே அறையில் ஆறு பேர் வாழ்ந்தனர். வெளிச்சம் குறைவு, ஈரம் அதிகம். ஆஸ்துமா நோயாளிக்கு அதைவிட மோசமான இடம் இருக்க முடியாது. அதே ஆண்டு மார்ச் மாதத்தில், ஓர் உரொட்டிக் கடையில் மாவு திருடினார் என்ற சந்தேகத்தின்பேரில் தந்தை கைது செய்யப்பட்டார். ஏழை என்பதால் அவர்மேல் சந்தேகம் விழுந்தது. சான்று எதுவும் இல்லாததால் சில நாள்களில் விடுதலையானார். ஆனாலும் அவமானம் தங்கிவிட்டது. பெர்னதெத்தின் தம்பி ஆலயத்தில் தரையில் சிந்தியிருந்த மெழுகைச் சுரண்டித் தின்றதை ஒரு பெண் பார்த்திருக்கிறார். அந்த அளவுக்குப் பசி.

வறுமை காரணமாக பெர்னதெத் பள்ளிக்கு ஒழுங்காகச் செல்லவில்லை. பிரெஞ்சு மொழி தெரியாது, ஊர் வட்டார மொழி மட்டுமே தெரியும். 1857ஆம் ஆண்டு செப்டம்பரில், அருகிலிருந்த பார்த்ரேஸ் ஊருக்கு, தன்னைக் குழந்தையாக இருந்தபோது பாலூட்டி வளர்த்த பெண்ணின் வீட்டுக்கு ஆடு மேய்க்க அனுப்பப்பட்டார். புதுநன்மை வாங்க வேண்டும் என்ற ஆசையால் 1858 சனவரியில் லூர்துக்குத் திரும்பி வந்தார். அப்போது அவருக்கு வயது 14.

மகிழ்ச்சி இந்த உலகில் அல்ல

1858ஆம் ஆண்டு பிப்ரவரி 11ஆம் நாள், வியாழக்கிழமை. அடுப்பெரிக்க விறகில்லை. தங்கையோடும் ஒரு தோழியோடும் விறகு பொறுக்கப் புறப்பட்டார் பெர்னதெத். மசபியேல் குகைக்கு அருகே ஓடிய நீரோடையை மற்ற இருவரும் கடந்து சென்றுவிட்டனர். குளிர்ந்த நீரில் இறங்கினால் மூச்சுத் திணறல் வரும் என்று பயந்து பெர்னதெத் பின்தங்கி நின்றார். நோயின் காரணமாகப் பின்தங்கி நின்ற அந்த இடத்தில்தான் அவருக்குக் காட்சி கிடைத்தது. காற்று வீசுவதுபோன்ற ஓசை கேட்டு நிமிர்ந்து பார்த்தார். குகையின் மாடத்தில் ஒளிசூழ்ந்த ஓர் இளம் பெண் நின்றார்.

அன்று முதல் சூலை 16 வரை 18 முறை அந்தக் காட்சி கிடைத்தது. மூன்றாவது முறை, பிப்ரவரி 18ஆம் நாள்தான், அந்தப் பெண்மணி முதன்முதலாகப் பேசினார். உடன் வந்தவர்கள் சொல்லிக்கொடுத்தபடி பெயரை எழுதித் தரும்படி பெர்னதெத் காகிதத்தையும் எழுதுகோலையும் நீட்டினார். அதற்குத் தேவையில்லை என்றார் அவர். பதினைந்து நாள்கள் அங்கு வருமாறு மிகுந்த மரியாதையோடு கேட்டுக்கொண்டார். பிறகு ஒரு வாக்குறுதி தந்தார். இந்த உலகில் மகிழ்ச்சியாக வைத்திருப்பதாகத் தான் வாக்களிக்க முடியாது, மறுவுலகில்தான் அந்த மகிழ்ச்சி என்றார்.

அன்பார்ந்தவர்களே, இந்த வாக்குறுதியைச் சற்று நின்று சிந்திப்போம். கேட்பவர் யார்? பசியோடும் நோயோடும், கைவிடப்பட்ட சிறை அறையில் வாழும் 14 வயதுச் சிறுமி. அவருக்கு ஒரு வீடு வாக்களிக்கப்படவில்லை. தந்தைக்கு வேலை வாக்களிக்கப்படவில்லை. ஆஸ்துமா நீங்கும் என்று சொல்லப்படவில்லை. அன்னை அந்தச் சிறுமியிடம் எதையும் மறைக்கவில்லை. இங்கே துன்பம் இருக்கும் என்பதை மறைக்காமல், துன்பம் முடிவல்ல என்பதையும் சொன்னார். பெர்னதெத்தின் எஞ்சிய வாழ்வு முழுவதும் இந்த ஒரு சொல்லின் மேல் நின்றது.

பிப்ரவரி 25ஆம் நாள், ஊற்றில் குடித்துக் கழுவிக்கொள்ளும்படி அவருக்குச் சொல்லப்பட்டது. அங்கே ஊற்று எதுவும் இல்லை. சுட்டிக்காட்டப்பட்ட இடத்தில் கையால் மண்ணைப் பறித்தார். சேறு கலந்த நீர் சிறிது கசிந்தது. மூன்று முறை அருவருத்து உமிழ்ந்துவிட்டு நான்காம் முறை குடித்தார். முகமெல்லாம் சேறாகத் திரும்பிய அவரைப் பார்த்து, முந்தின நாள் வரை வியந்த கூட்டம் பைத்தியம் என்று ஏளனம் செய்தது. சில மணி நேரத்தில் அந்த இடத்தில் தெளிந்த நீர் ஓடத் தொடங்கியது. இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கிறது.

மார்ச் 25, மங்கள வார்த்தை திருநாளன்று, அந்தப் பெண்மணி தாம் அமல உற்பவம் என்று வெளிப்படுத்தினார். திருத்தந்தை 9ஆம் பயஸ் 1854இல்தான் அந்த மறையுண்மையை விசுவாசக் கோட்பாடாக அறிவித்திருந்தார். மறைக்கல்வியில் பின்தங்கிய பெர்னதெத்துக்கு அந்தச் சொல்லின் பொருள் தெரியாது. மறந்துவிடாமல் இருக்க வழியெல்லாம் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே போய்ப் பங்குத்தந்தை பெய்ரமாலிடம் அறிவித்தார். அதுவரை கண்டிப்போடும் ஐயத்தோடும் இருந்த அந்தக் குரு அன்று நெகிழ்ந்துபோனார்.

கடைசிக் காட்சி சூலை 16, கார்மேல் அன்னை திருநாளன்று கிடைத்தது. அதற்குள் அரசு அதிகாரிகள் குகையைப் பலகைகளால் அடைத்திருந்தனர். ஆற்றின் அக்கரையில் முழந்தாளிட்டு பெர்னதெத் அன்னையைக் கண்டார். அதன்பின் இந்த உலகில் அவர் அன்னையை மீண்டும் காணவில்லை. அன்றிலிருந்து அவருடைய மரணம் வரை 20 ஆண்டுகளும் 9 மாதங்களும் ஆயின. விண்ணகத்தின் அழகை 18 முறை கண்ட கண்கள், அத்தனை ஆண்டுகள் நோயையும் நோயாளிகளையும் மருந்துப் புட்டிகளையும் வெள்ளைச் சுவர்களையும்தான் பார்த்துக்கொண்டிருந்தன.

பலர் குணமடைந்தார்கள்

குகை ஊற்றில் நலம் பெற்றோர் அன்றே இருந்தனர். 1858 மார்ச் 1ஆம் நாள், விபத்தில் கை முடங்கிப்போன கத்தரின் லத்தாப்பி என்ற தாய் அந்த நீரில் கையை நனைத்து நலம் பெற்றார். 1862 சனவரி 18ஆம் நாள் தார்பு மறைமாவட்ட ஆயர் லோரன்ஸ் திருக்காட்சிகள் உண்மை என்று அறிவித்தபோது, மருத்துவத்தால் விளக்க முடியாத 7 குணமளிப்புகளையும் ஏற்றுக்கொண்டார். அன்று முதல் இன்று வரை, கடுமையான மருத்துவ ஆய்வுக்குப் பின் திரு அவை புதுமை என ஏற்றுக்கொண்டவை எழுபதுக்கும் சற்று அதிகம். லூர்துக்குச் சென்ற கோடிக்கணக்கானவர்களோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறிய எண். அங்கே செல்லும் நோயாளிகளில் பெரும்பாலோர் நோயோடுதான் வீடு திரும்புகின்றனர் என்பதைத் திரு அவை மறைத்ததில்லை.

பெர்னதெத்தும் அந்தப் பெரும்பாலோரில் ஒருவர். 1862ஆம் ஆண்டு வசந்த காலத்தில் நுரையீரல் அழற்சியால் சாகும் நிலைக்குப் போய், நோயில்பூசுதல் பெற்று, ஊற்றின் நீரை அருந்தியபின் எழுந்து உட்கார்ந்தார் என்பது உண்மை. ஆனாலும் ஆஸ்துமா அவரை விடவில்லை. பிற்காலத்தில் இதைப்பற்றி அவரிடம் கேட்டவர்களுக்கு, அந்த ஊற்று தனக்கானதல்ல என்று அமைதியாகச் சொல்லிவிடுவார். அதில் கசப்பு இல்லை. தன்னைவிட்டுப் பிறர் குணமடைகிறார்களே என்று அவர் ஒருபோதும் பொறாமை கொண்டதில்லை. பணமும் பரிசும் கொடுக்க வந்தவர்களிடம் ஒரு காசு கூட வாங்கவில்லை. அப்போதும் வீட்டில் வறுமைதான்.

கதவுக்குப் பின்னால் ஒரு விளக்குமாறு

1860 முதல் லூர்து நகரில் நெவேர் அன்பின் சகோதரிகள் நடத்திய விடுதியில் தங்கிப் படித்தார். நோயாளிகளுக்கும் முதியோருக்கும் அங்கே பணிசெய்தார். அந்தச் சபையிலேயே துறவியாக விரும்பி, 1866 சூலை 4ஆம் நாள் குகைக்கு விடைகொடுத்து, பல நூறு கிலோமீட்டர் தொலைவிலிருந்த நெவேர் நகருக்குப் புறப்பட்டார். மீண்டும் லூர்துக்குத் திரும்பவேயில்லை. 1876இல் குகைக்கு மேலே எழுந்த பேராலயம் பெரும் ஆரவாரத்தோடு அர்ச்சிக்கப்பட்டபோதும் அவர் நெவேரிலேயே இருந்தார்.

மடத்திற்கு வந்த மறுநாள், திரண்டிருந்த சகோதரிகளுக்கு முன் ஒரே ஒரு முறை திருக்காட்சிகளைப் பற்றிச் சொல்லுமாறு பணிக்கப்பட்டார். அதன்பின் அதைப்பற்றி மடத்தில் பேசக்கூடாது என்பது கட்டளை. மரி பெர்நார்து என்ற துறவறப் பெயர் பெற்றார். நவதுறவியர் ஆசிரியை அன்னை வோசூ அவரிடம் கண்டிப்போடு நடந்துகொண்டார். படிப்பறிவு குறைந்த ஒரு கிராமத்துப் பெண்ணுக்கு விண்ணக அன்னை ஏன் தோன்ற வேண்டும் என்ற எண்ணம் அவரை விட்டு நீங்கவில்லை. நோயின் வலியைவிட இந்தக் குளிர்ந்த முகம் சில நாள்களில் அதிகம் வலித்திருக்கும். ஆனால் பெர்னதெத் அவர்மேல் குறை சொல்லவில்லை.

மடத்தில் சேர்ந்து நான்கு மாதங்களுக்குள், 1866 அக்டோபரில், சாகும் தறுவாய்க்கு வந்தார். ஆயர் வந்து படுக்கையிலேயே அவருடைய வார்த்தைப்பாட்டை ஏற்றுக்கொண்டார். ஆனால் பெர்னதெத் பிழைத்துக்கொண்டார். அதே ஆண்டு டிசம்பர் 8ஆம் நாள், அமல உற்பவத் திருநாளன்று, லூர்தில் அவருடைய தாய் இறந்துபோனார். கடைசியாக ஒருமுறை பார்க்கவும் மகளால் போக முடியவில்லை.

1867 அக்டோபர் 30ஆம் நாள் முறைப்படி வார்த்தைப்பாடு கொடுத்தபோது, உடன் வந்த சகோதரிகள் ஒவ்வொருவருக்கும் ஒரு பணித்தளம் அறிவிக்கப்பட்டது. பெர்னதெத்துக்கு எதுவும் இல்லை. இவர் எதற்கும் உதவாதவர் என்று ஆயரிடம் எல்லார் முன்னிலையிலும் சொல்லப்பட்டது. ஆயர் அவருக்குச் செபிக்கும் பணியைக் கொடுத்தார். மடத்தின் நோயாளர் அறையில் உதவி செய்யுமாறும் விடப்பட்டார்.

எதற்கும் உதவாதவர் என்று சொல்லப்பட்ட அவர் அந்த நோயாளர் அறையில் திறமையான செவிலியராக மலர்ந்தார். மூச்சுத் திணறும் ஒருவருக்குத்தான் மற்றொருவரின் திணறல் தெரியும். மருந்துகளின் அளவுகளைக் கவனமாகக் கற்றார், புண்களைக் கட்டினார், இரவுகளில் கண்விழித்தார். மனச்சோர்வுற்ற இளம் சகோதரிகளைத் தம் வேடிக்கைப் பேச்சால் சிரிக்க வைத்தார். 1872இல் பாரிஸ் மருத்துவர் ஒருவர், பெர்னதெத் மனநோயாளி என்றும், ஒரு மடத்தில் அடைத்து வைக்கப்பட்டிருக்கிறார் என்றும் பேசினார். மடத்தின் மருத்துவர் ராபர் சான்-சிர் அதை மறுத்து எழுதினார். தம் பணியைச் செம்மையாகச் செய்யும், அமைதியும் கனிவும் உள்ள ஒரு செவிலியர் அவர் என்று சான்று பகர்ந்தார்.

ஒருநாள் ஒரு சகோதரி குகையின் படத்தைக் காட்டியபோது, பெர்னதெத் அவரிடம் விளக்குமாற்றைப் பற்றிக் கேட்டார். பெருக்கி முடித்ததும் அதை எங்கே வைப்போம்? கதவுக்குப் பின்னால். அன்னை தன்னைப் பயன்படுத்தினார், இப்போது தன் இடம் கதவுக்குப் பின்னால்தான், அதுவே தனக்கு மகிழ்ச்சி என்று அவர் விளக்கினார். உலகப் புகழ் வாசலில் வந்து நின்றபோது, மறைந்திருப்பதில் மகிழ்ந்தவர் அவர்.

ஆலையில் அரைபட்ட கோதுமை

1873க்குப் பிறகு நோயாளர் அறைப் பணியைத் தொடர உடல் இடம் கொடுக்கவில்லை. சிறிது காலம் ஆலயப் பொருள்களைப் பேணும் பணியில் உதவினார். பின்னர் தாமே நிரந்தர நோயாளியானார். வெள்ளைத் திரைகளால் சூழப்பட்ட தம் கட்டிலைத் தமது வெள்ளைச் சிற்றாலயம் என்று அழைத்தார். யாராவது சும்மா படுத்திருப்பதாகக் குத்திக்காட்டினால், நோயாளியாக இருப்பதே தமது வேலை என்பார். உட்கார முடிந்தபோதெல்லாம் பூவேலை தைத்தார். அவர் தைத்த திருவுடை இன்றும் நெவேரில் பாதுகாக்கப்படுகிறது.

நுரையீரலைத் தாக்கிய காசநோய் எலும்புக்கும் பரவியது. வலது முழங்காலில் பெரிய கட்டி உருவானது. காலைச் சற்று அசைத்தாலும் அலறும் அளவுக்கு வலி. 1878 செப்டம்பரில் நித்திய வார்த்தைப்பாடு கொடுத்தார். டிசம்பர் முதல் முற்றிலும் படுக்கை. அந்த நாள்களிலும் திருக்காட்சிகளைப் பற்றிக் கேள்வி கேட்க ஆள்கள் வந்தனர். இருபது ஆண்டுகளுக்கு முந்தைய பல விவரங்கள் தம் நினைவில் இல்லை என்று அவர் நேர்மையாகச் சொன்னார். கண்டதன் நினைவுகள்கூட மங்கிய வேளையில், கேட்ட வாக்குறுதியைப் பற்றிக்கொண்டிருந்தார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெர்னதெத் துன்பத்தைத் தேடிப் போகவில்லை. மருத்துவர் கொடுத்த மருந்துகளைக் குடித்தார். மூச்சுவிடச் சன்னலைத் திறக்கும்படி கேட்டார். இரவில் வலியால் முனகியதற்காக உடனிருந்த சகோதரிகளிடம் மன்னிப்புக் கேட்டார். இத்தனை அருளைப் பெற்றும் அதற்கேற்ப வாழவில்லையே என்ற அச்சமும் கடைசி நாள்களில் அவரை வாட்டியது. புனிதர்களுக்கு வலிக்காது என்று நாம் நினைக்க வேண்டாம். கெத்சமனித் தோட்டத்தில் ஆண்டவர் இயேசுவே துன்பக் கிண்ணம் நீங்க வேண்டுமென்று வேண்டினார் அல்லவா?

சுவரில் ஒட்டியிருந்த படங்களையெல்லாம் எடுத்துவிடச் சொல்லி, பாடுபட்ட சுரூபத்தை மட்டும் வைத்துக்கொண்டார். 1879ஆம் ஆண்டு பாஸ்கா வாரத்தில், தாம் கோதுமை மணியைப்போல அரைபடுவதாகச் சொன்னார். ஆலைக்காரரின் மகள் அல்லவா? கோதுமை எப்படி மாவாகிறது என்பதைப் பிறந்த நாள் முதல் அறிந்தவர். அரைபட்ட மாவுதான் அப்பமாகிறது, அந்த அப்பமே பலிபீடத்தில் ஆண்டவரின் திருவுடலாகிறது.

ஏப்ரல் 16, உயிர்ப்புப் பெருவிழாவை அடுத்த புதன்கிழமை. மூச்சு முட்டியதால் அவரைச் சாய்வு நாற்காலியில் உட்கார வைத்திருந்தனர். சுரூபத்தை நெஞ்சோடு அணைத்திருந்தார். சகோதரிகளோடு சேர்ந்து அருள்நிறை மரியே செபத்தைச் சொல்லி, தம்மை ஏழைப் பாவி என்று மீண்டும் மீண்டும் குறிப்பிட்டார். சிறிது தண்ணீர் அருந்தினார். தாம் குகையில் அன்னையிடம் கற்ற விதத்தில், அகலமாகச் சிலுவை அடையாளம் வரைந்துகொண்டார். பிற்பகல் மூன்று மணியளவில் உயிர் பிரிந்தது.

திருத்தந்தை 11ஆம் பயஸ் 1925இல் அவருக்கு அருளாளர் பட்டமும், 1933 டிசம்பர் 8ஆம் நாள் புனிதர் பட்டமும் வழங்கினார். அழியாதிருந்த அவருடைய உடல் நெவேர் மடத்தில் கண்ணாடிப் பேழையில் இருக்கிறது. முகத்தையும் கைகளையும் மெல்லிய மெழுகுப் பூச்சு மூடியிருக்கிறது. காட்சிகள் கண்டதற்காகத் திரு அவை அவரைப் புனிதராக்கவில்லை. காட்சிகளுக்குப் பிந்திய அந்த நீண்ட ஆண்டுகளில் அவர் காட்டிய விசுவாசம், எதிர்நோக்கு, அன்பு ஆகியவற்றிற்காகவே அவர் பீடத்தின் மகிமைக்கு உயர்த்தப்பட்டார்.

நமக்கு என்ன பாடம்?

முதலாவது, குணமாகாத நோயாளி கடவுளால் கைவிடப்பட்டவர் அல்ல. குணமளித்தல் கடவுள் தரும் ஓர் அடையாளம். குணமாகாமல் இருப்பது தண்டனையும் அல்ல, விசுவாசக் குறைவின் அடையாளமும் அல்ல. நோயாளியிடம் போய் இன்னும் உருக்கமாகச் செபித்திருந்தால் குணமாகியிருப்பீர்கள் என்று சொல்பவர்கள், பெர்னதெத்தின் கட்டிலருகே நின்று அதைச் சொல்ல முடியுமா என்று எண்ணிப் பார்க்கட்டும்.

இரண்டாவது, மறுவுலக மகிழ்ச்சி என்பது இவ்வுலகில் துன்புறுவோரைப் பொறுத்திருக்கச் சொல்லிவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்வதற்கான சாக்கு அல்ல. விண்ணகத்தை எதிர்நோக்கிய பெர்னதெத் புண்களைக் கட்டினார், மருந்தை அளந்து கொடுத்தார். விண்ணகம் என்பது கடவுளோடு இருப்பது, அன்பில் முழுமை அடைவது என்றால், அதன் முதல் ருசி நாம் பிறருக்குச் செய்யும் அன்பில்தான் கிடைக்கும்.

மூன்றாவது, துன்பத்தை ஆண்டவரின் சிலுவையோடு இணைக்கும்போது அது வீணாவதில்லை. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1984 பிப்ரவரி 11ஆம் நாள், லூர்து அன்னையின் நினைவு நாளன்று, மனிதத் துன்பத்தின் மீட்புப் பொருளைப் பற்றித் திருத்தூது மடல் ஒன்றை வெளியிட்டார். 1992இல் அதே நாளை உலக நோயாளர் தினமாக ஏற்படுத்தினார். 2004 ஆகஸ்டில், பேசவும் நடக்கவும் மிகவும் சிரமப்படும் அளவுக்குத் தளர்ந்த நிலையில், லூர்துக்குத் திருப்பயணம் சென்றார். குகையின்முன் நோயாளர்களோடு தாமும் ஒரு நோயாளராக அமர்ந்திருந்தார். அவரது கடைசி வெளிநாட்டுப் பயணம் அதுதான். அவரும் நோயோடுதான் திரும்பினார். ஆனால் அந்தக் காட்சியைக் கண்ட நோயாளிகள் எத்தனை பேர் ஆறுதல் அடைந்திருப்பார்கள்!

அன்பார்ந்தவர்களே, பெர்னதெத் நெவேரில் நோயோடு போராடிக்கொண்டிருந்த அதே 1870களில், நம் புதுச்சேரிக்கு அருகே வில்லியனூரில் லூர்து அன்னையின் திருத்தலம் எழுந்தது. அவர் தோண்டிய ஊற்றின் அருள் கடல் கடந்து நம் மண்ணுக்கு வந்தபோது, அவரோ நோயால் வாடிக்கொண்டிருந்தார். நமது செபமும் பொறுமையும் யாருக்கு, எங்கே பயன்படுகின்றன என்பது இந்த உலகில் நமக்குத் தெரியாமலே போகலாம். விண்ணகத்தில் தெரிய வரும்.

இனி கெபிக்குச் செல்லும்போது, அன்னையை வணங்கியபின் கீழே முழந்தாளிட்டிருக்கும் அந்தச் சிறுமியையும் சற்று நின்று பார்ப்போம். நம் தெருவில், நம் பங்கில் படுக்கையில் இருக்கும் ஒருவரை இந்த வாரம் சென்று பார்ப்போம். அறிவுரை சொல்ல வேண்டாம். அருகில் உட்கார்ந்து, அவர் சொல்வதைக் கேட்டு, ஒரு பத்து மணி செபமாலை சேர்ந்து சொல்லிவிட்டு வந்தால் போதும்.

செபிப்போம்: அன்புத் தந்தையே, புனித பெர்னதெத்தை நோயின் பாதையிலே உம்மிடம் அழைத்துச் சென்றீர். நோயுற்றோர் அனைவரையும் உமது கரத்தில் ஒப்படைக்கிறோம். உமக்கு விருப்பமானால் அவர்களுக்கு நலம் தாரும். நலம் தாமதித்தால் தாங்கும் வலிமையைத் தாரும். அவர்களைக் கவனிக்கும் கைகளை ஆசீர்வதியும். நாங்கள் அனைவரும் ஒருநாள் கண்ணீரில்லாத உமது இல்லத்தில் அன்னையோடும் புனிதர்களோடும் மகிழ்ந்திருக்க அருள்தாரும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக. ஆமென்.